ஜூன் மாதத்தில் ஓர் அரையாண்டுத் தேர்வு

காலையில் ஒரு சாய்கோடு. மதியம் அதன்மேல் எதிர்ப்பக்கமாக இன்னொரு சாய்கோடு. இரண்டும் சேர்ந்தால் அந்தப் பிள்ளை முழுநாளும் பள்ளியில் இருந்ததாக அர்த்தம். வராத பிள்ளைக்கு ஆங்கிலத்தில் ஒரு சின்ன ‘ஏ’. கல்வராயன் மலையில், கரியாலூரைத் தாண்டி நான் வேலை பார்த்த பள்ளியில், டிசம்பர் பிறந்துவிட்டால் அந்த ‘ஏ’ எழுதுவதை நிறுத்திவிடுவோம்.

காப்பியும் மிளகும் பறிக்கிற மாதங்கள் அவை. மலையில் சாமை அறுத்து முடிந்திருக்கும், வேறு வேலை இருக்காது. மேஸ்திரி வேன் கொண்டுவந்து நிறுத்துவார். சட்டி, போர்வை, கோழி, பிள்ளைகள் என்று குடும்பம் குடும்பமாகக் குடகுக்கு ஏறிப் போவார்கள். வகுப்பில் பாதி பெஞ்சு காலியாகிவிடும். தொடர்ந்து பல நாள் வராத பிள்ளையின் பெயரை அடிக்க வேண்டும் என்பது விதி. அடித்த பெயரை மறுபடி சேர்க்க மனு, சான்றிதழ், அலைச்சல். அந்த அலைச்சலுக்குப் பயந்தே பிள்ளை படிப்பை விட்டுவிடும். அதனால் இல்லாத பிள்ளைக்கும் சாய்கோடு போட்டோம். இரக்கத்தால் மட்டும் என்று சொன்னால் அது பொய். பெயர்கள் குறைந்தால் எங்களில் யாருடைய பணியிடமாவது போகும். எனக்கு முன்னால் இருந்தவர்கள் அப்படிச் செய்தார்கள், நானும் செய்தேன். ஊருக்கும் அது தெரியும்.

ரேங்க் கார்டில் மட்டும் உள்ளதை எழுதுவோம். பதிவேட்டை அதிகாரிகள் பார்ப்பார்கள். கார்டு வீட்டுக்குப் போய், தகப்பனின் கைநாட்டோடு திரும்பிவந்து, அதோடு அடங்கிவிடும். யாரும் மேலே கேட்டதில்லை. எனவே பதிவேட்டில் பள்ளியில் இருந்த பிள்ளை, கார்டில் குடகில் இருக்கும்.

பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை அரையாண்டுத் தேர்வுக்கு மட்டும் தெரிந்தவர் யாரோடாவது பஸ் ஏற்றி அனுப்பிவைப்பார்கள். அந்த வருடமும் அப்படி எல்லோரும் வந்துவிட்டார்கள், ஒருத்தியைத் தவிர. என் வகுப்பில் நன்றாகப் படிக்கிற ஒருத்தி. பொங்கல் முடிந்து, விரல் நுனிகள் கறுத்துப் போய், வகுப்பு வாசலில் வந்து நின்றாள். அம்மாவுக்குக் கணுக்கால் பிசகிவிட்டதாம். அம்மாவின் இடத்தில் இவள் கூடையைக் கட்டிக்கொண்டு பறித்திருக்கிறாள்.

“அரையாண்டு போயிடுச்சே டீச்சர்” என்றாள்.

“போனா போவுது. அது நம்ம வூட்டுக்குள்ள வெச்சிக்கிற பரீட்சை. அதுல வர மார்க்க எவனும் கேக்கப் போறதில்ல. மார்ச்சுல எழுதறதுதான் கணக்கு” என்றேன்.

நான் தமிழாசிரியை. வாக்கியங்களை யோசித்துப் பேசுகிறவள் என்று பெயர். இன்றுவரைக்கும் அந்த வாக்கியத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியவில்லை.

மார்ச்சில் கொரோனா வந்தது. பள்ளியைப் பூட்டினார்கள். நான் மணலூர்பேட்டைக்கு இறங்கினேன். அங்கே எனக்கு ஒரு வீடு உண்டு. அம்மா போன பிறகு அதில் ஒரு கட்டில், ஒரு டிவி, வாடகைக்கு ஆள் வராத ஒரு பின்கட்டு. பெண்ணையாற்றுப் பாலத்தில் போலீஸ் நின்றது. மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குப் போகிற கரும்பு டிராக்டர்கள் மட்டும் எப்போதாவது போகும். சக்கரத்தில் நசுங்கிய கரும்பின் வாசனை கொஞ்ச நேரம் தெருவில் நிற்கும். அந்த வாசனை போனதும் மறுபடி யாருமில்லை. பத்தாம் வகுப்புத் தேர்வைத் தள்ளிவைத்தார்கள். மறுபடியும் தள்ளிவைத்தார்கள்.

டிவியில் பாடம் நடத்தத் தொடங்கினார்கள். நானும் உட்கார்ந்து பார்ப்பேன். ஒரு கணக்கு ஆசிரியை கரும்பலகையில் போட்டு முடித்துவிட்டு, கேமராவைப் பார்த்து, “புரிஞ்சுதா?” என்று கேட்பார். இரண்டு விநாடி காத்திருப்பார். பிறகு அவரே “சரி” என்று சொல்லிக்கொண்டு அடுத்த கணக்குக்குப் போவார். இத்தனை வருடம் நின்று பேசிய பழக்கம், பதிலுக்குக் காத்திருக்காமல் அவரால் இருக்க முடியவில்லை. அந்த இரண்டு விநாடிக்காகவே நான் டிவியைப் போட்டேன் என்று நினைக்கிறேன். சில நாள், அன்றைக்கு என்னைப் பார்த்து ஒருவர் ஏதாவது கேட்டது அந்த ஒரு கேள்விதான். ஒருமுறை “புரிஞ்சுது” என்று சத்தமாகச் சொல்லிவிட்டு, ஜன்னலைப் பார்த்தேன், யாராவது கேட்டுவிட்டார்களோ என்று.

வகுப்புக்கு வாட்ஸ்அப் குழு ஒன்று இருந்தது. பாதிப் பேருக்குப் போனே இல்லை. அவளுக்குப் பள்ளிக் காவல்காரரின் எண்தான். அதில் நான் அனுப்பிய வினாத்தாள்களுக்குக் கீழே காவல்காரர் தினமும் ஒரு ரோஜாப்பூ போட்டு வைப்பார்.

ஜூனில் தேர்வு நடக்கப் போவதாக அறிவித்து எங்களைத் திரும்பக் கூப்பிட்டார்கள். ஹால் டிக்கெட், முகக்கவசம், பெஞ்சுக்கு ஒருவர் என்று தரையில் சுண்ணாம்புக் கோடு. நான்தான் முதலில் மேலே போனேன். கச்சிராயபாளையம் தாண்டி ஏற்றத்தில் திரும்பியதும் குளிர்ந்த காற்று பஸ்ஸுக்குள் வந்தது. பஸ்ஸில் மொத்தமே ஏழு பேர். கோடு போட்டு முடித்த மறுநாள் தேர்வே இல்லை என்று செய்தி வந்தது. எல்லோரும் பாஸ். காலாண்டு, அரையாண்டு மதிப்பெண்ணுக்கு எண்பது, வருகைக்கு இருபது, அதைவைத்து மார்க் போட வேண்டும். அதற்கு அந்த விடைத்தாள்களும் ரேங்க் கார்டுகளும் கள்ளக்குறிச்சிக்கு வந்து சேர வேண்டும்.

மற்ற ஆசிரியர்கள் கீழேயே இருந்துகொண்டார்கள். தலைமை ஆசிரியருக்கு வீடு கள்ளக்குறிச்சியில். பதிவேடுகளை ஏற்கெனவே அங்கே கொண்டுபோயிருந்தார். தாள்களைச் சேகரிக்க நான் மலையில் தங்கினேன். எனக்கு எங்கே இருந்தாலும் ஒன்றுதான் என்று அவருக்கும் தெரியும்.

திருத்திய விடைத்தாளைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடுவது எங்கள் வழக்கம். அது என்றாவது ஒருநாள் அரசாங்கத்துக்கு வேண்டியிருக்கும் என்று யார் கண்டது? ஊர் ஊராக நடந்தேன். ஒரு வீட்டில் சமூக அறிவியல் தாளில் புளியங்கொட்டை மடித்திருந்தது. ஒரு வீட்டில் ஆங்கிலத் தாளைச் சுவர் ஓட்டையில் காற்றுக்கு அடைத்திருந்தார்கள். உருவி எடுத்தபோது அந்த வீட்டு அம்மா, “எத்தன மார்க்கு டீச்சர்?” என்றாள். முப்பத்தெட்டு என்றேன். “பரவால்ல, காத்த நல்லாத்தான் தடுத்துச்சு” என்றாள்.

எழுதிய தாளெல்லாம் சேர்ந்தது. கட்டுகளை அனுப்பிய இரண்டாம் நாள் தலைமை ஆசிரியர் போன் செய்தார். பள்ளி மைதானத்தின் மேல்மூலையில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றால்தான் சத்தம் அறுபடாமல் கேட்கும்.

“டீச்சர், ஒரு பொண்ணுக்கு அரையாண்டு அஞ்சு பேப்பரும் இல்லியே.”

“அவ எழுதல சார். குடகுல இருந்தா.”

“குடகுல இருந்தாளா? ரிஜிஸ்டர்ல பரீட்சை நடந்த அத்தன நாளும் ஸ்கூல்ல இருந்துக்கிறாளே.”

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

“ஸ்கூலுக்கு வந்த பொண்ணு ஹாலுக்கு வராம எங்க போனா, அருவில குளிக்கப் போனாளான்னு கேப்பாங்க. இல்லன்னா எழுதின பேப்பர நாம தொலைச்சிட்டோம்னு ஆவும். இன்னா சொல்றது?”

“உள்ளத சொல்லிடலாமா சார்?”

“சொல்லுங்க. அவளுக்குத் திருத்தினா மத்தவங்களுக்கும் திருத்தணும். காப்பிக்காட்டுக்குப் போன பசங்க அத்தன பேருக்கும் வருகை மார்க்கு போயிடும். அப்பறம் எத்தன வருஷமா இதுன்னு ஒரு விசாரணை. ரிட்டயரானவங்களையும் சேத்து இழுப்பாங்க.” அவர் கெட்டவர் இல்லை. குரலில் தூக்கமில்லாத களைப்பு இருந்தது. “பழைய கொஸ்டின் பேப்பர் பீரோவுல இருக்கு. கூப்பிட்டு எழுத வையுங்க. தேதி மட்டும் டிசம்பர் போடச் சொல்லுங்க. புதுசா ஒரு கார்டும் போட்டு அப்பன்கிட்ட கைநாட்டு வாங்கிடுங்க.”

காவல்காரர் ஆள் சொல்லி அனுப்பினார். மறுநாள் காலை அவள் வந்தாள். துப்பட்டாவால் மூக்கையும் வாயையும் கட்டியிருந்தாள். இரண்டு பேனா, ஒரு ஸ்கேல், வேகவைத்த மரவள்ளிக்கிழங்கு ஒரு டப்பாவில்.

“எல்லாரும் பாஸுன்னு குதிச்சிக்கினு கீறாங்க டீச்சர்” என்றாள். “எனக்கு இன்னா கீது இதுல? மார்ச்சுல எழுதிக்கலாம்னீங்க. படிச்சேன். ஏப்ரல்னாங்க, படிச்சேன். ஜூன்னாங்க, படிச்சேன். இப்ப டிசம்பர்ல எழுதினியான்னு கேக்கறாங்க.”

“மார்க் எதுக்கு அவ்ளோ முக்கியம், பாஸ்தானே?”

“நல்ல மார்க்கு வந்தா கள்ளக்குறிச்சில பதினொண்ணாவது சேத்து வுடறேன்னு அப்பா சொல்லிக்கீறாரு. சயின்ஸ் குரூப்பு. இல்லன்னா மேஸ்திரிகிட்ட எம்பேரையும் குடுத்துடுவாரு. முழு ஆளு கூலி.” முழு ஆளு என்பதைச் சொல்லும்போது அவள் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. அதுதான் என்னைத் துணுக்குற வைத்தது.

செய்ய வேண்டியதைச் சொன்னேன். நேராக அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாமல், பீரோவில் வினாத்தாளைத் தேடிக்கொண்டே சொன்னேன். அவள் அதிர்ச்சியடைவாள், நாம் சமாதானம் சொல்ல வேண்டும் என்று வாக்கியங்கள் தயாராக வைத்திருந்தேன்.

“எந்தத் தேதி போடணும்?” என்றாள்.

சொன்னேன்.

“சரி. நான் வராத அன்னிக்கெல்லாம் வந்தேன்னு நீங்க போட்டீங்க. எழுதாத அன்னிக்கு எழுதினேன்னு நான் போடறேன். அதே மாதிரிதான இது?”

குத்திக் காட்டுவதற்காகச் சொன்னாளா, சந்தேகம் கேட்டாளா, தெரியாது. அவள் அதற்குள் தாளில் விளிம்புக் கோடு போட ஆரம்பித்துவிட்டாள்.

ஐந்து நாள், ஐந்து தாள். நாங்கள் ஜூன் தேர்வுக்காகச் சுண்ணாம்புக் கோடு போட்டு வைத்திருந்த அதே கூடம். வரிசை வரிசையாக வெற்றுப் பெஞ்சுகள், நடுவில் அவள் ஒருத்தி. காவல்காரர் மணி அடிப்பேன் என்றார். வேண்டாமே, ஒரு ஆளுக்கு எதற்கு என்றேன். “ஒரு ஆளுன்னா இன்னா டீச்சரம்மா, பரீட்ச பரீட்சதான” என்று தண்டவாளத் துண்டில் ஓங்கி அடித்தார். அரை மணிக்கு ஒருமுறை அடித்தார். மலையில் அப்போது வேறு மணிச்சத்தம் கிடையாது. கோயிலும் பூட்டியிருந்தது. கீழே ஊரில் இதைக் கேட்டுப் பள்ளிக்கூடம் திறந்துவிட்டது என்று நினைத்து இரண்டு சின்னப் பிள்ளைகள் பையோடு வந்துவிட்டார்கள். திருப்பி அனுப்பினோம்.

மேற்பார்வைக்கு நின்றேன். யார் யாரைப் பார்த்து எழுதிவிடப் போகிறார்கள்? இருந்தாலும் நடந்தேன். பழக்கம் கால்களில் இருக்கிறது. கடைசிப் பெஞ்சுவரை போய்த் திரும்பும்போது அவள் முதுகு தெரியும், குனிந்து, இடதுகையால் தாளை அணைத்துக்கொண்டு. வெளியே மழை வரும், போகும். பலாப்பழம் எங்கோ பழுத்து வெடித்து அதன் வாசனை ஜன்னல் வழியாக வரும். எழுதுகிற சத்தம் அத்தனை பெரிய கூடத்தில் அவ்வளவு தெளிவாகக் கேட்கும் என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது. மூன்று மாதமாக என் வீட்டில் இல்லாத சத்தம் அது. ஒரு மனுஷி பக்கத்தில் இருக்கிறாள் என்கிற சத்தம். அந்த ஐந்து நாளும் நான் சந்தோஷமாக இருந்தேன். பொய்யான தேதி போட்ட ஒரு தேர்வில் சந்தோஷமாக இருந்தேன் என்பதை இப்போது எழுதும்போது கூச்சமாகத்தான் இருக்கிறது.

கடைசித் தாளை நீட்டியபோது, “யாரு திருத்துவாங்க?” என்று கேட்டாள்.

“கள்ளக்குறிச்சில சார் அந்தந்தப் பாட வாத்தியார்கிட்ட குடுப்பாரு.”

“கணக்குல ஒண்ணு போயிடுச்சு. மத்ததெல்லாம் சரி” என்றாள்.

ஐந்தையும் சேர்த்துச் சணல் கயிற்றால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டினேன். என் கட்டு எப்போதும் இரட்டை முடிச்சு. அப்புறம் புதுக் கார்டையும் மைப்பெட்டியையும் எடுத்துக்கொண்டு அவள் ஊருக்கு நடந்தேன்.

அவள் அப்பா சாமை விதைக்க நிலத்தைக் கொத்திக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையைக் கழுவிவிட்டு வந்தார். உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து வந்தார். ரேஷன் கார்டு, ஆதார் அட்டைகள், நடுவில் பழைய ரேங்க் கார்டு.

“இது வந்தப்போ நாங்க குடகுல கீறோம்” என்றார். “எறங்கி வந்து பாத்தா அஞ்சு எடத்துலயும் ஒரே மாதிரி எழுத்து. அதெப்படி அஞ்சுலயும் ஒரே மார்க்கு வரும்னு மேஸ்திரிகிட்ட காட்டினேன். மார்க்கு இல்லடா, ஒம் பொண்ணு வரலன்னு எழுதிக்கீதுன்னான்.”

நான் கார்டைப் பார்த்தேன். என் கையெழுத்துதான். வரவில்லை, வரவில்லை, வரவில்லை.

“நாந்தான் அவள நிறுத்திக்கினேன். ஒரு கை கொறஞ்சா மேஸ்திரி வேற குடும்பத்த வெச்சிப்பான். சரி, தப்பு எம்மேலதான்னு கைநாட்டு வெச்சேன். திருப்பிக் குடுக்கறதுக்குள்ள பள்ளிக்கூடத்தப் பூட்டிட்டாங்க.” கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டார். “இப்ப வந்தான்னு வெக்கச் சொல்றீங்க.”

“ஆமாங்க.”

“பள்ளிக்கூடத்து நோட்டுல வந்தான்னுதான எழுதிக்கீது, மொதல்லேருந்து?”

“ஆமாங்க.”

“அப்ப இந்த அட்டைதான் நெஜம் பேசிக்கினு இருந்துச்சு.” சிரித்தார். கோபமில்லாத சிரிப்பு. அது கோபமாக இருந்திருந்தால் தேவலை என்று தோன்றியது. புதுக் கார்டில் விரலை வைத்தார். பழையதை மட்டும் என்னிடம் தரவில்லை. “இது எங்கிட்ட இருக்கட்டும். கிழிச்சிட மாட்டேன், யாருக்கும் காட்டவும் மாட்டேன். நெஜமா ஒரு காயிதம் வூட்ல இருக்கட்டும்.”

வழியனுப்பும்போது, “நல்ல மார்க்கு வந்தா சேத்து வுடறேன்னு சொல்லிக்கீறேன். பாப்போம்” என்றார்.

கட்டு கீழே போனது. மேலே எனக்கு வேலை எதுவும் இல்லை, ஆனாலும் இறங்கவில்லை. பூட்டிய பள்ளி விடுதியின் சமையலறையில் பூனை குட்டி போட்டிருந்தது. தினமும் வகுப்புகளின் கதவைத் திறந்து, கொஞ்ச நேரம் கழித்து மூடினேன். சுற்றுலாப் பயணிகள் இல்லாததால் அருவிச்சத்தம் பள்ளிவரை கேட்டது, அல்லது நான் கேட்பதாக நினைத்துக்கொண்டேன். பாடம் எடுக்க வேண்டிய நேரத்தில் பாடம் எடுக்காமல் இருந்தால் குரலுக்கு என்னவாகும் என்று ஒருநாள் யோசித்தேன். தொண்டையைச் செருமிப் பார்த்தேன். காவல்காரர் எட்டிப்பார்த்து, “கூப்ட்டீங்களா?” என்றார்.

ஆகஸ்டில் மதிப்பெண் வந்தது. அவளுக்கு முந்நூற்றைம்பதைத் தொடவில்லை. தொட்டியருகில் நின்று தலைமை ஆசிரியரைக் கூப்பிட்டேன்.

“சார், காலாண்டுலயே அவ நல்ல மார்க்கு. அரையாண்டும் நல்லா எழுதினா. எப்படிக் கொறஞ்சுது?”

“திருத்த எங்க டீச்சர் நேரம்? அன்னிக்கே சாயங்காலம் கம்ப்யூட்டர்ல ஏத்தணும்னாங்க. ஆளாளுக்கு ஒரு ஊர்ல மாட்டிக்கினு கீறாங்க. பாஸுக்கு மேல ஒரு பத்துப் பத்து சேத்துப் போட்டேன். ஜாஸ்தி போட்டா அந்த பேப்பர எடுன்னு கேப்பான். இப்ப கண்ணுலயே படல பாருங்க, தப்பிச்சுது.”

“படிச்சே பாக்கலியா?”

“எல்லாரும் பாஸ் டீச்சர்” என்றார் மெதுவாக. “நான் யாருக்கும் கெடுதல் நெனைக்கல.”

அடுத்த வாரம் கட்டு திரும்பி வந்தது. சணலில் என் இரட்டை முடிச்சு அப்படியே இருந்தது. நான் போட்டது எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியாதா? ஒருவரும் அவிழ்க்கவில்லை.

நான் அவிழ்த்தேன். திருத்த உட்கார்ந்தேன். தமிழ் ஒரு மணி நேரத்தில் முடிந்தது. அறிவியலுக்கும் கணக்குக்கும் பாடப்புத்தகத்தையும் நோட்ஸையும் இரண்டு பக்கமும் விரித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாகப் பார்த்தேன். ஐம்பது வயதை நெருங்குகிற நேரத்தில் பத்தாம் வகுப்புக் கணக்கை மறுபடி கற்றுக்கொண்டேன். ஒரு கணக்கில் அவள் போட்டது தப்பு என்று அரை நாள் நினைத்திருந்தேன். கடைசியில் நான்தான் தப்பு. கூட்டிப் பார்த்தேன். நானூறைத் தாண்டியது. மறுபடி கூட்டினேன். மலை முழுக்க அதைச் சொல்ல எனக்கு ஆள் இல்லை. காவல்காரரிடம் சொல்லலாம். சொன்னால் அடுத்து, “அப்ப காயிதத்துல ஏன் கம்மியா வந்துச்சு?” என்று கேட்பார்.

கள்ளக்குறிச்சியில் பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கை நாளுக்கு அவளும் அப்பாவும் வந்தார்கள். நானும் போனேன். ஐந்து தாளும் என் பையில் இருந்தன. மைதானத்தில் வட்டம் வட்டமாகச் சுண்ணாம்பு. வட்டத்துக்கு ஒரு குடும்பம் நிற்க வேண்டும். முன்னால் மேசையில் இருந்த ஆசிரியையிடம் எப்படித் தொடங்குவது என்று வரும் வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். எங்கள் முறை வந்தது. அவர் மதிப்பெண் சான்றைப் பார்க்கக்கூட இல்லை.

“எந்த குரூப்புமா?”

“சயின்ஸ்” என்றாள்.

“எடுத்துக்கோ. எல்லாத்துலயும் எடம் கீது இந்த வருஷம். விடுதி எப்பத் தொறக்கும்னு தெரியாது, கிளாஸ் டிவிலதான்.” விண்ணப்பத்தைத் தள்ளிவைத்தார். “பெற்றோர் கையெழுத்து.”

மைப்பெட்டியைத் திறந்து வைத்தார்கள். அவள் அப்பா விரலை நீட்டினார், மையில் வைக்காமல் நிறுத்திக்கொண்டார். என் பக்கம் திரும்பினார்.

“டீச்சர், இது நல்ல மார்க்குங்களா?”

பின்னால் இருந்த வட்டங்களில் ஆட்கள் முன்னால் நகரக் காத்திருந்தார்கள். அவள் என்னைப் பார்க்கவில்லை, விண்ணப்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அந்தக் காயிதத்துல இருக்கிறது அவ மார்க் இல்லீங்க” என்றேன். “அவ எழுதின பேப்பர யாரும் பிரிக்கவே இல்ல. நாந்தான் பிரிச்சேன், நாந்தான் திருத்தினேன். நானூறுக்கு மேல. நல்ல மார்க்.”

அவர் என் முகத்தையே பார்த்தார். முகக்கவசத்துக்கு மேலே கண்கள் மட்டும்.

“நீங்க சொல்றது நோட்டுல போட்ட மாதிரியா, அட்டைல போட்ட மாதிரியா?”

“அட்டைல போட்ட மாதிரிங்க.”

இன்னும் ஒரு கணம் பார்த்தார். பிறகு கட்டைவிரலை மையில் அழுத்தி, விண்ணப்பத்தில் வைத்து, ரேகை தெளியும்வரை அப்படியே வைத்திருந்தார்.

பேருந்து நிலையத்தில் அவர் டீ வாங்கப் போனபோது அவள் கையை நீட்டினாள். “பேப்பரக் குடுங்க டீச்சர்.”

பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அவள் முதலில் தமிழைப் புரட்டினாள்.

“செய்யுள் முழுசா எழுதிக்கீறேன். ஏன் ஒரு மார்க்கு கம்மி?”

“ரெண்டாவது அடியில ஒரு சீர் விட்டுட்ட.”

“ஒரு சீருக்கு ஒரு மார்க்கா? கஞ்சத்தனம் டீச்சர்.” கணக்குத் தாளை எடுத்தாள். “இத யாரு திருத்தினது?”

“நாந்தான்.”

“நீங்களா? கணக்கா?” முதல்முறையாகச் சிரித்தாள். “அப்ப மறுபடி பாக்கணும்.”

அவளும் அப்பாவும் மலைப் பேருந்தில் ஏறினார்கள். நான் அன்று ஏறவில்லை, மணலூர்பேட்டை வண்டிக்கு நின்றேன். வீட்டைத் திறந்து பெருக்க வேண்டும் என்று அவர்களிடம் சொன்னேன், கேட்காமலே. ஜன்னலோரம் உட்கார்ந்து அவள் தாள்களை மடியில் விரித்தாள். நான் எழுதிய சிவப்புக் குறிகள் ஒவ்வொன்றின்மேலும் அவள் விரல் நகர்ந்தது. வண்டி கிளம்பும்போது நான் கையைத் தூக்கினேன். அவள் கணக்கின் மூன்றாம் பக்கத்தில் இருந்தாள். என் கூட்டலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள், தலை நிமிரவில்லை.